திசைமொழியும் கெழுதகைமையும்: ஐதராபாத்தை முன்வைத்துச் சரசக் கேலி பற்றிய ஒரு நோக்கு

வட்டார வழக்கு குறித்த ஆய்வுகள் தமிழில் பெருகியுள்ளன. எனினும் அவ்வழக்கு யாரிடம், எந்த உரிமையில், எத்தகைய குரலில் பேசப்படுகிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. ஒரு வட்டார நாவலை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சொற்களை அகரவரிசைப்படுத்தி, பொதுத்தமிழ் நிகரன்களைத் தந்து, மண்ணின் மணம் கமழ்கிறது என முடிக்கும் ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் வாழ்க்கையில் ஒருவருடைய ஊர்ப்பேச்சு மிகுதியாகக் கவனிக்கப்படும் இடம் அகராதி அன்று. நண்பர் கூட்டத்தில், விடுதித் தாழ்வாரத்தில், தேநீர்க்கடை வாசலில்தான் அது முதலில் காதில் விழுகிறது. அங்கேயே அது கேலிக்கும் உள்ளாகிறது. அக்கேலி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும்போது பாதி விளையாட்டாகவும் பாதி விருப்பமாகவும் அமைகிறது. இவ்வாறு விருப்பத்தை விளையாட்டுப் போலச் சொல்லிப் பார்க்கும் பேச்சையே ‘சரசக் கேலி’ என்று இக்கட்டுரை குறிக்கிறது.

எடுத்துக்காட்டாகக் கொங்குப் பகுதி இளைஞன் ஒருவன் வேற்றூர்க் கல்லூரியில் பயில்வதாகக் கொள்வோம். அவனது பேச்சின் ஈற்றில் ‘ங்க’ தவறாது வரும். உடன்பயிலும் பெண் அவனை ‘ஏனுங்க’ என்று இழுத்து விளிக்கிறாள், சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர். மேலோட்டமாக நோக்கினால் அவள் அவனுடைய ஊர்ப்பேச்சைப் போலச்செய்கிறாள், அவ்வளவே. ஆனால் கொங்கு நாட்டு மனைவி கணவனை விளிக்கும் சொல்லும் அதுவே. அவன் நாணலாம், அவளும் நாணலாம். எவரேனும் வினவினால், அவன் ஊர்க்காரர் பேசுவதைப் பேசிக்காட்டியதாக அவள் சொல்லிவிடலாம். விருப்பம் சொல்லப்பட்டும் இருக்கிறது, சொல்லப்படாமலும் இருக்கிறது. சொல் பட்டியலிடும் ஆய்வாளர் ‘ஏனுங்க’ என்பதற்கு ‘விளிச்சொல், கொங்கு வழக்கு’ என்று குறிப்பெழுதி நகர்ந்துவிடுவார்.

இச்சிக்கலை நோக்க ஐதராபாத் பொருத்தமான களமாகும். 1591இல் குதுப்ஷாகி மன்னர்களால் நிறுவப்பெற்ற அந்நகரில் தெலுங்கு, தக்கினி உருது, மராத்தி, கன்னடம் ஆகியன நெடுங்காலமாகக் கலந்து வழங்கி வந்துள்ளன. அதன் இரட்டை நகராகிய சிகந்தராபாத்தின் படைமுகாமும் இரயில்வேயும் கணிசமான தமிழரை அங்குக் குடியமர்த்தின. தன் ஒலிப்பாலேயே நாடெங்கும் அறியப்பட்டதும், அதனாலேயே சிரிப்புக்குள்ளானதுமான நகர் அது.

இலக்கணத்தின் ஈரிடங்கள்

தொல்காப்பியம் இப்பொருளை ஒரே இடத்தில் பேசவில்லை. சொல்லதிகார எச்சவியலில் திசைச்சொல் இடம்பெறுகிறது. செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கு அது என்பது நூலின் கருத்து. உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளை நோக்கினால் தாயைக் குறிக்கும் தள்ளை, தந்தையைக் குறிக்கும் அச்சன், நாயைக் குறிக்கும் ஞமலி எனப் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே முன்வருகின்றன. சொல் பதிவாயிற்று, அச்சொல்லை ஒலித்த குரலின் இழுவையும் ஏற்ற இறக்கமும் பதிவாகவில்லை. எழுத்து வழிப்பட்ட மரபில் இது தவிர்க்க இயலாதது எனலாம். ஆயினும் தற்கால ஆய்வேடுகளும் இதே வழியில் நடப்பதற்கு அக்காரணத்தைச் சொல்ல முடியாது. ஒலிப்பதிவுக் கருவி எளிதில் கிடைத்த பின்னரும் பெயர்ச்சொல் பட்டியலே ஆய்வென்று கருதப்படுகிறது.

மற்றோரிடம் பொருளியலில் உள்ளது. முறைப்பெயர்களிடையே வழங்கும், ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவான ஒரு சொல்லை அங்கு ஆசிரியர் சுட்டுகிறார். ‘எல்லா’ என்னும் விளியையே அவர் கருதினார் என்பது உரைமரபு. அச்சொல்லுக்கு அவர் தரும் அடைமொழி ‘கெழுதகை’ என்பது. இதே சொல் திருக்குறளின் 81ஆம் அதிகாரமாகிய பழைமையில் கெழுதகைமை என வளர்ந்து, நட்புரிமையால் கேளாமலே செய்யும் செயலைக் குறிக்கிறது. உறவும் நட்பும் தரும் உரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமை உள்ளவர் சொன்னால் விளையாட்டு, இல்லாதவர் சொன்னால் இழிவு என்னும் வேறுபாடு இச்சொல்லில் அடங்கியுள்ளது.

நகைக்குரிய நிலைக்களன்களாக மெய்ப்பாட்டியல் கூறும் நான்கனுள் எள்ளலும் இளமையும் இடம்பெறுகின்றன. எள்ளலைப் பிறரை இகழ்ந்து நகுதலாகவும் பிறரால் இகழப்பட்டு நகுதலாகவும் உரையாசிரியர் விரிப்பதுண்டு. தன் ஒலிப்பு எள்ளப்படும்போது தானும் சேர்ந்து சிரிப்பவன் இரண்டாம் வகையைச் சார்ந்தவன். திசைச்சொல், கெழுதகை, எள்ளல் ஆகிய மூன்றும் மூன்று இயல்களில் சிதறிக் கிடக்கின்றன. உரைகள் இவற்றை இணைத்துக் காண முற்படாமையும் பின்வந்த திறனாய்வு அதனைத் தொடராமையும் ஒரு குறையே. ஊர்ப்பேச்சின் வழி நிகழும் சரசக் கேலியைத் திசைச்சொல்லின்கீழ் அன்றிக் கெழுதகைமையின்கீழ் வைத்து நோக்குதலே பொருந்தும்.

கலித்தொகைச் சிரிப்பு

கெழுதகைமை இலக்கியத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குக் கலித்தொகையைவிடச் சிறந்த சான்று இல்லை. 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்த காலத்திலிருந்து இந்நூலின் உரையாடல் தன்மை பலராலும் பாராட்டப்பட்டு வருகிறது. கபிலர் பாடிய 51ஆம் பாடலில், சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்தும் பந்தைப் பறித்தோடியும் தொல்லை தந்த ஒருவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் நிற்கிறான். நீர் தரச் சென்றவளின் கையைப் பற்றுகிறான். அவள் கூவ, தாய் ஓடிவர, அவன் விக்கினான் என்று அவள் பொய் சொல்கிறாள். தாய் அவனது முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.

இப்பாடலைக் களவுக் காட்சியாக விளக்குவோர் அப்பொய்யின் அழகைப் போற்றுவர். இங்குக் கருதத்தக்கது வேறொன்று. அவனுக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? சிற்றில் சிதைத்த பழைமையிலிருந்து வந்தது. தலைவி இதைத் தோழியிடம் சொல்லத் தொடங்கும்போதே அப்பழங்குறும்பை நினைவூட்டித்தான் தொடங்குகிறாள். முன்பின் அறியாத ஒருவன் அவ்வாறு கையைப் பற்றியிருப்பின் அவள் விக்கலைச் சொல்லியிருக்க மாட்டாள். கூவியதும் அவளே, காத்ததும் அவளே. உரிமை தருவதா மறுப்பதா என்னும் முடிவு அவள் கையில் இருக்கிறது. பாடலின் சிரிப்பு முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

மருதனிளநாகனாரின் 94ஆம் பாடல் இன்னும் கடினமானது. அரண்மனைப் பணியாளராகிய கூனியும் குறளனும் ஒருவர் உடலை ஒருவர் எள்ளிக்கொண்டே நெருங்குகின்றனர். வசையே அங்குக் காதல் மொழியாகிறது. இப்பாடலை ஐந்திணைக்குப் புறம்பானது என வகைப்படுத்தி விலக்கும் போக்கு உரைகளில் உண்டு. அடியோர்க்கும் வினைவலர்க்கும் உரிய காதலைக் கைக்கிளையிலும் பெருந்திணையிலும் ஒதுக்கிய மரபு, அவர்களுடைய பேச்சையும் உடன் ஒதுக்கியது. செம்மையற்ற பேச்சும் விளையாட்டான வேட்கையும் ஒரே விளிம்புக்குத் தள்ளப்பட்டமை தற்செயலானதன்று. கி. ராஜநாராயணன் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். பாலியல் சார்ந்த நாட்டுப்புறக் கதைகளை ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்னும் தனி நூலாகத் தந்தார். ஒரே மக்களின் ஒரே வாயிலிருந்து வந்தவை, ஒன்று ஆய்வுநூலாகவும் மற்றொன்று மறைத்துப் படிக்கும் நூலாகவும் பிரிந்துபோயின. பிரித்தவர் கி.ரா. அல்லர், வாசகச் சூழலே அவ்வாறு பிரித்து வைத்திருந்தது.

மச்சானும் சாலாவும்

தமிழ் இளைஞர் தம் நண்பரை ‘மச்சான்’, ‘மாப்பிள்ளை’, ‘மாமா’ என விளிப்பர். இலங்கையில் சிங்களவரும் ‘மச்சான்’ என்பர். இவையாவும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறையினரைக் குறிக்கும் சொற்கள். ‘அண்ணன்’ என்று சொன்னால் மரியாதை வந்துவிடும், கேலி நின்றுவிடும். எனவே கேலி செய்ய விரும்பும் நண்பர்கள் முறைக்காரராகத் தம்மைக் கற்பித்துக்கொள்கின்றனர். சில உறவுகளில் கேலி செய்தல் அனுமதிக்கப்படுவதோடு எதிர்பார்க்கவும் படுகிறது என ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரை உலகளவில் புகழ்பெற்றது. லூயி துய்மோன் 1953இல் திராவிட உறவுமுறைச் சொற்களை மணவுறவின் வெளிப்பாடாக விளக்கினார். இவ்விரு கருத்துகளும் தமிழ் நண்பர்களின் விளியில் ஒன்றுசேர்கின்றன. முறைப்பெண்ணிடம் செய்யும் கேலிக்கும் நண்பனிடம் செய்யும் கேலிக்கும் சொற்களஞ்சியம் ஒன்றாகவே இருப்பதன் காரணமும் இதுவே.

வடஇந்திய மொழிகளில் நிலைமை நேர்மாறு. மனைவியின் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘சாலா’ அங்கு வசைச்சொல்லாக வழங்குகிறது. பெண் கொடுத்தவர் தாழ்ந்தவர், பெற்றவர் உயர்ந்தவர் என்னும் சமனற்ற மணமுறை அதன் பின்னணி. ஐதராபாத்தில் இவ்விரு முறைகளும் ஒரே தெருவில் சந்திக்கின்றன. தெலுங்கு இளைஞர் ‘பாவா’, ‘மாமா’ என்று விளிக்க, அடுத்த வீட்டு உருதுப் பேச்சாளர் ‘மியான்’, ‘உஸ்தாத்’ என்பர். தமிழ் இளைஞன் ஒருவன் ‘மச்சான்’ என்பதன் அன்பை ‘சாலா’ என மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டால் அங்கு அடி விழவும் கூடும். அகராதி இவ்விரண்டையும் நிகர் என்றே காட்டும்.

தக்கினி மொழியின் ஒலிப்பும் அமைப்பும் இங்குச் சுருக்கமாகவேனும் சுட்டற்பாலன. அடித்தொண்டையில் பிறக்கும் அரபு ஒலியொன்றை ஐதராபாத்தார் உரசொலியாக மாற்றி ஒலிப்பர். மறுப்புக்கு ‘நக்கோ’, உடன்பாட்டுக்கு ‘ஹௌ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’ என வழங்குவர். மராத்தியிலிருந்து வந்த ‘நக்கோ’ தில்லி உருதுவினர் காதில் கடுமையாகவும் தக்காணத்தார் காதில் கொஞ்சலாகவும் ஒலிக்கும். ‘பர்சோன்’ என்பது உருதுவில் நேற்று முன்தினத்தைக் குறிக்க, ஐதராபாத்தில் அது சென்ற வாரமாகவும் இருக்கலாம், சென்ற ஆண்டாகவும் இருக்கலாம் என்பது அந்நகரத்தார் தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளும் பழைய கேலி.

தமிழாய்வாளர் சிறப்பாக நோக்க வேண்டியவை வேறு இரண்டு. தமிழில் ‘என்று’ வரும் இடத்தில் தக்கினியில் ‘போல்கே’ வருகிறது. சொல் உருதுவினது, தொடரமைப்பு திராவிடத்தது. பிறர் கூறக் கேட்டதைச் சொல்லத் தமிழில் ‘ஆம்’ ஒட்டும் தெலுங்கில் ‘அட’ ஒட்டும் இருப்பது போலத் தக்கினி ‘கதே’ என்பதைப் பயன்படுத்துகிறது. சரசக் கேலியின் உயிர்நாடி இவ்வொட்டில் உள்ளது. ‘அவளுக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பது செய்தி. ‘அவளுக்கு உன்னைப் பிடிக்குமாம்’ என்பது தூது, வதந்தி, சீண்டல் மூன்றுமாகும். சொன்னவர் யார் என்பதை ‘ஆம்’ மறைத்துவிடுகிறது. அகப்பாடல்களில் தோழியின் கூற்றுகளை ஆராய்ந்தோர் அவளது அறிவையும் நாவன்மையையும் விதந்துள்ளனர். பிறர் சொன்னதாகவோ ஊர் சொன்னதாகவோ தன் சொல்லை இடம்மாற்றிச் சொல்லும் அவளது உத்திக்கு அன்றாட மொழியில் அமைந்த இலக்கண வடிவமே இந்த ‘ஆம்’. தமிழரும் தெலுங்கரும் தக்கினி முஸ்லிம்களும் வெவ்வேறு சொல்லால் ஒரே வகை மறைப்பைச் செய்கின்றனர் என்பது அந்நகரின் நட்புப் பேச்சை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

தக்கினி இலக்கியத்திலும் இதற்குத் தொடர்ச்சி உண்டு. 1580 முதல் 1612 வரை ஆண்ட முகமது குலி குதுப்ஷா தம் காதலியர் பற்றிப் பாடிய தக்கினிக் கவிதைகள் பாரசீக மரபின் எட்டாத காதலியைப் பாடாமல், செல்லப்பெயரால் விளிக்கத்தக்க உள்ளூர்ப் பெண்களைப் பாடின. அவை மொகியுத்தீன் காதிரி சோரின் பதிப்பால் 20ஆம் நூற்றாண்டில் பரவலாக அறியப்பட்டன. 17ஆம் நூற்றாண்டு பிஜப்பூர்க் கவிஞர் ஹாஷ்மி பெண்குரலை மேற்கொண்டு பெண்டிர் பேச்சு வழக்கிலேயே எழுதினார். பெண் பேச்சை ஆண் போலச்செய்து சபையில் பாடும்போது கெழுதகைமை யாருடையது என்னும் ஐயம் எழாமலில்லை. கலித்தொகைத் தலைவியின் கையிலிருந்த முடிவு இங்குப் புலவன் கைக்கு மாறிவிடுகிறது. அகப்பாடல்களிலும் பெண்குரலில் பாடிய ஆண்புலவர் பலர் என்பதால் இவ்வையம் தமிழ் மரபுக்கும் உரியதே.

சோமாலிய ஒப்பீடு

இப்பண்பு தென்னாட்டிற்கு மட்டுமே உரியதா என்பதை அறிய வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. ஐதராபாத்தின் கல்லூரிகளில் சோமாலிய மாணவர் பயின்று வந்துள்ளனர். அவர்களது மொழியின் இரு பெரும் கிளைகள் ‘மஹா-திரி’ எனவும் ‘மாய்-திரி’ எனவும் வழங்குகின்றன. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ‘என்ன சொன்னாய்?’ வடக்கிலும் நடுப்பகுதியிலும் உள்ளோர் ஒருவிதமாகவும், தெற்கே ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தார் மற்றொரு விதமாகவும் அவ்வினாவைக் கேட்பதால், வினாவே கிளைமொழியின் பெயராயிற்று. தமிழ் உரையாசிரியர்கள் பெயர்ச்சொல்லால் நிலத்தைப் பிரித்தனர். சோமாலியரோ எதிரே இருப்பவரை நோக்கிக் கேட்கும் கேள்வியால் பிரித்துள்ளனர். கிளைமொழி என்பது இருவருக்கு இடையே நிகழ்வது என்னும் அறிவு அப்பெயரிலேயே உள்ளது.

1940களில் அப்தி சினிமோ என்னும் லாரி ஓட்டுநர் ‘பல்வோ’ என்னும் குறுங்காதற்பாடல் வகையை வடசோமாலியாவில் பரப்பினார். ஆண்ட்ரெஜெவ்ஸ்கியும் லூயிஸும் 1964இல் வெளியிட்ட சோமாலியக் கவிதை நூல் இதனை அறிமுகப்படுத்துகிறது. இளைஞர் கூட்டங்களில் பாடப்பட்ட அச்சிறுபாடல்களைச் சமயப் பெரியோர் கண்டித்தனர். அவ்வகையின் பெயரே கேடு, துன்பம் என்னும் பொருளுடையது. நம் தெம்மாங்குக்கு நேர்ந்த ஏளனத்தை இது நினைவூட்டும்.

இரவல் குரல்

கெழுதகைமை இல்லாத இடத்தில் ஊர்ப்பேச்சைப் போலச்செய்தல் எவ்வாறு திரிகிறது என்பதற்கு இந்தித் திரைப்படம் தக்க சான்று. மும்பையில் பிறந்த நடிகர் மெஹ்மூத் ‘கும்நாம்’ (1965) படத்தில் ஐதராபாத் ஒலிப்புடன் பேசும் பணியாளராக நடித்து, ஹெலன் ஏற்ற பாத்திரத்தை நோக்கிச் சரசம் பேசுகிறார். மூன்றாண்டுகளுக்குப் பின் ‘படோசன்’ (1968) படத்தில் அவரே தமிழ்ச் சாயலுடன் இந்தி பேசும் இசையாசிரியர் பிள்ளையாகத் தோன்றி, நாயகியை விரும்பித் தோற்கிறார். இரு படங்களிலும் ஊர்ப்பேச்சும் காதலும் ஒருவரிடமே சேர்கின்றன. சேர்ந்ததனாலேயே அவர் சிரிப்புக்கு உரியவராகிறார். பொது இந்தி பேசும் நாயகனின் காதல் காதலாக மதிக்கப்பட, ஐதராபாத்தானும் மதராசியும் விரும்பினால் அது நகைச்சுவையாகிறது. கூனியையும் குறளனையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய அதே தர்க்கம் இங்கு வண்ணத்திரையில் தொடர்கிறது.

எனினும் ‘படோசன்’ படத்தை வெறும் இகழ்ச்சியாகத் தள்ளிவிடவும் முடியாது. பாடத் தெரியாத நாயகன் சன்னலோரம் வாயசைக்க, மறைவிலிருந்து நண்பன் பாடுகிறான். அகத்திணையின் பாங்கன் இவனே. நண்பனின் குரலை இரவல் பெற்று நாயகன் சரசம் செய்கிறான். அதனைத் தன் சொந்தக் குரலால் எதிர்க்கும் பிள்ளைக்கு உண்மையில் இசை தெரியும். அப்பாத்திரத்திற்குப் பின்னணி பாடியவரோ வங்காளியாகிய மன்னா டே. ஒரு வங்காளியின் குரலில், மும்பை நடிகர் ஒருவரின் வாயில் பிறந்த ‘தமிழ் ஒலிப்பு’ அது. தமிழர் எவரும் அவ்வாறு பேசுவதில்லை என்று சினப்பதில் பயனில்லை. அது தமிழரை நோக்கிச் சொல்லப்பட்டதே அன்று. இதே வங்கக் கதையினின்று பிறந்த தமிழ்ப்படம் ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960). அதிலும் இரவல் குரல் உண்டு. தங்கவேலு ஏற்ற நண்பன் பாத்திரம் டி.ஆர். ராமச்சந்திரனுக்காகப் பாடும் காட்சிகள் நட்பின் உரிமையில் நிற்பதால், அவற்றின் சிரிப்பு நாயகனை நோக்கியே திரும்புகிறது.

ஐதராபாத்தார் தம் ஒலிப்பைத் தாமே மீட்டுக்கொண்டமையும் குறிப்பிடத்தக்கது. ஜிந்தாதிலானே ஐதராபாத் என்னும் நகைச்சுவையாளர் அமைப்பும், குல்பர்காவின் சுலைமான் கதீப் போன்ற தக்கினிக் கவிஞரும் கவியரங்க மேடைகளில் அம்மொழியைப் பெருமிதத்துடன் ஒலித்தனர். ‘தி ஆங்ரேஜ்’ திரைப்படம் சார்மினாரைச் சுற்றிய வேலையற்ற நண்பர் கூட்டத்தை அவர்தம் பேச்சிலேயே காட்டிற்று. அதில் பொய்யளக்கும் நண்பனுக்குப் ‘பேக்கு’ என்றே பட்டப்பெயர். அவன் பொய் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே கேட்கின்றனர். மெஹ்மூதின் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தவர் வெளியார். இங்குச் சிரிப்போர் கூட்டத்தின் உள்ளே அமர்ந்திருக்கின்றனர்.

இவ்வுள்–வெளி எல்லை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 1997இல் மாணவரிடையேயான கேலி வதைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஈழத்துப் பல்கலைக்கழகங்களில் அக்கொடுமைக்கு வழங்கும் சொல் ‘பகடிவதை’. பகடியையும் வதையையும் ஒரு சொல்லாக்கிய அத்தொகை, கெழுதகைமை இல்லாமலே அதன் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நிகழ்வது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. முதலாண்டு மாணவனின் ஊர்ப்பேச்சே பெரும்பாலும் அங்கு முதல் இலக்காகிறது.

அசோகமித்திரனின் சிகந்தராபாத்

தமிழ்ப் புனைகதையில் ஐதராபாத் என்றவுடன் நினைவுக்கு வருபவர் அசோகமித்திரன் (1931–2017). சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்து, 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவர், அந்நகரைப் பல சிறுகதைகளிலும் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலிலும் எழுதினார். 1947–48 காலத்து நிஜாம் ஆட்சியின் இறுதி நாள்களில் சந்திரசேகரன் என்னும் தமிழ் மாணவன் வளர்வதே நாவலின் பொருள். கிரிக்கெட்டும் கல்லூரியும் தெருவும் அவனுக்குப் பல மொழி பேசும் தோழரைத் தருகின்றன.

வியப்பு யாதெனில், இத்தனை ஒலிப்புகள் கலந்த நகரைப் பற்றிய நாவலில் ஒலிப்பு வேறுபாடு பக்கத்தில் மிகக் குறைவாகவே இடம்பெறுகிறது. உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் பெரும்பாலும் ஒரே சமன்பட்ட, நிறமற்ற தமிழாக மாறிவிடுகின்றன. அவரது நடையின் அடக்கத்தைப் போற்றும் திறனாய்வாளர் இதனையும் அவ்வடக்கத்தின் பகுதியாகவே கொள்வர். அது ஓரளவே பொருந்தும். ஒலிப்பை எழுத்தில் கொணராததால் எவரையும் வேடிக்கைப் பொருளாக்காத நேர்மை அவருக்குக் கிட்டுகிறது. மெஹ்மூதின் வழுக்கலுக்கு அவர் இடம் தரவில்லை. அதேவேளை, தோழரிடையே ஊர்ப்பேச்சை வைத்து நிகழ்ந்திருக்கக்கூடிய கொஞ்சலும் சீண்டலும் வாசகர் காதுக்கு எட்டாமல் போகின்றன. யார் யாரை எவ்வாறு விளித்தனர் என்பது தெரியாமலேயே அவர்களது நட்பை நாம் நம்ப வேண்டியிருக்கிறது. கி.ரா.வின் கரிசல் மாந்தர் பேச்சால் நெருங்குவது போல இம்மாந்தர் நெருங்குவதில்லை. நாவலின் பெருமையை இது குறைக்காது. ஆயினும் இழப்பை இழப்பென்று சொல்லுதலே முறை.

எனினும் நாவல் முடியும் இடத்தில் இவ்விழப்பு வேறு பொருள் பெறுகிறது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தபின் கலவரம் பரவுகிறது. சந்திரசேகரன் தப்பியோடி ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். தம்மை அழிக்க வந்தவன் என அவனை எண்ணி அஞ்சிய குடும்பத்தைக் காக்க, அவ்வீட்டுச் சிறுபெண் தன் ஆடையைக் களைந்து அவன்முன் நிற்கிறாள். அவன் அருவருப்பும் வெட்கமும் மேலிட அங்கிருந்து ஓடுகிறான்.

வயது வந்துகொண்டிருக்கும் அவனது பெண்கள் குறித்த ஆர்வத்துக்கு நாவல் இறுதியில் காட்டும் காட்சி இதுதான். கபிலரின் தலைவனும் ஒரு வீட்டு வாயிலுக்கே வந்தான். அங்கே கூவவும் பொய் சொல்லவும் சிரிக்கவும் ஒருத்திக்கு உரிமை இருந்தது. இங்கு முன்னறிமுகம் இல்லை, விளி இல்லை, பொய் சொல்ல நேரமும் இல்லை. ஒரே நகரில், ‘ஆம்’ என்றும் ‘கதே’ என்றும் ஒரே வகையாக மறைத்துப் பேசத் தெரிந்த இரு கூட்டத்தார் எதிரெதிரே நிற்கும்போது, அவளிடம் எஞ்சியிருப்பது உடல் மட்டுமே. அவள் எந்த ஒலிப்பில் பேசுவாள் என்பதை அசோகமித்திரன் எழுதிக் காட்டவில்லை. நாவல் முழுவதும் குறையாகத் தோன்றிய அம்மௌனம் இவ்வோரிடத்தில் மட்டும் மிகச் சரியாக அமைந்துவிடுகிறது.